வேறுபடுகிற இடத்தை முதலில் சொல்லட்டும்

தேவகோட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் மெமரி கார்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. கடிதத்தைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். உன் முழங்கால் வலி குறைந்ததில் ஆச்சிக்கும் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். வளவில் ஓடு மாற்றுகிற வேலை மழைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, இரண்டாங்கட்டு மட்டும் பாக்கி.

சரி, உன் மாப்பிள்ளை கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தான் தயாரிக்கிற பேசும் புத்தகக் கருவி, கார்டில் உள்ள கோப்புப் பெயர்களை எப்படி வாசித்துச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டு எழுதச் சொன்னாராமே. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். பார்வை போனதிலிருந்து என் படிப்பு முழுக்க அந்தக் கருவியில்தான் நடக்கிறது.

பட்டியலைக் கண்ணால் பார்க்கிறவருக்கு இருபது பெயரும் ஒரே பார்வையில் விழுந்துவிடும். காதுக்கு ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை எடுத்துக்கொள். அதைக் கார்டில் போட்டால் கருவி இப்படி வாசிக்கும்: "பி டி டி ஹைஃபன்", அப்புறம் தேதி, "ஹைஃபன் டபிள்யூ ஏ ஜீரோ ஜீரோ ஜீரோ த்ரீ டாட் ஓபஸ்". தேதியை 20230714 என்று ஒட்டி எழுதியிருப்பதால், அதையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு இரண்டு கோடியே இரண்டு லட்சத்து முப்பதாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு என்று சொல்கிற குரல்களும் உண்டு. ஒரே நாளில் வந்த பத்துப் பதிவுக்கும் முக்கால் பெயர் ஒன்றேதான். வித்தியாசம் கடைசி எண்ணில் இருக்கிறது. அது வரும்வரை ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, ஒரு தெருவிலேயே நாலு மெய்யப்பன் இருப்பார்கள். "மெய்யப்பன்" என்று கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவார்கள். விலாசத்தை முதலில் சொன்னால்தான் ஆள் பிடிபடும். கருவியும் அதைத்தான் செய்ய வேண்டும். ஒரு ஃபோல்டரில் எல்லாப் பெயரும் ஒரே மாதிரி தொடங்கினால், அந்தப் பொதுப் பகுதியை உள்ளே நுழையும்போது ஒரு தரம் சொன்னால் போதும். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் மாறுகிற பகுதியை மட்டும் சொல்லட்டும். முழுப் பெயரும் வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அண்டர்ஸ்கோர், ஹைஃபன் எல்லாம் சின்ன இடைவெளியாகட்டும். டாட் எம்பி த்ரீ என்பதைக் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

அடுத்தது வரிசை. கம்பன் விழாப் பேச்சுகளை அக்கறையாக நாள்வாரியாகப் பிரித்து, மகம், பூரம், உத்திரம், அத்தம் என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்து அனுப்பியிருந்தாய். அழகான பெயர்கள். ஆனால் கருவி அகர வரிசைப்படி அடுக்கியதில் எல்லாம் தலைகீழாகிவிட்டது! காரைக்குடியில் மகத்தன்று விழா தொடங்குவதற்கு முன்பே நான் அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்குப் போய்விட்டேன். முன்னால் எண் போட்டால் வரிசை சரியாகும். அதையும் 01, 02 என்று போட வேண்டும். வெறும் 1, 2 என்று போட்டால், எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிற கருவி 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால், சைபர் போடுகிற வேலை ஒருவருக்கும் இல்லை. வரிசைக்காக வைத்த எண்ணைப் பெயரோடு சேர்த்து வாசிக்கவும் வேண்டாம். "மகம், நாலில் ஒன்று" என்று பெயருக்குப் பின்னால் இடத்தைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது தமிழ்ப் பெயர்களின் நிலைமை. தமிழ்க் குரல் இல்லாத கருவியில் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் பல சமயம் சத்தமே வராது. கோப்பு இருக்கிறதா, கருவி நின்றுவிட்டதா என்று தெரியாமல் திகைக்க வேண்டியிருக்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டால் "மூன்றாவது கோப்பு" என்றாவது சொல்ல வேண்டும், மௌனம் கூடவே கூடாது. இதற்குப் பயந்து ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால், "விழா" என்பது ஆங்கிலக் குரலில் விசா மாதிரி ஏதோவாகிவிடுகிறது. ஈஸ்பீக் என்ஜி என்ற இலவசக் குரலுக்குத் தமிழ் தெரியும். கொஞ்சம் இயந்திரத்தனமாகப் பேசும், பரவாயில்லை. எழுத்தைப் பார்த்து, தமிழைத் தமிழ்க் குரலுக்கும் ஆங்கிலத்தை ஆங்கிலக் குரலுக்கும் மாற்றிவிடச் சொல்.

பார்வையற்றோருக்கான ஒலிப்புத்தக முறையான டெய்சியில் தயாரித்த புத்தகத்தில் இந்தத் தொல்லை குறைவு. அத்தியாயத் தலைப்புகள் புத்தகத்துக்குள்ளேயே இருப்பதால், கோப்புப் பெயரை வாசிக்கவே தேவையில்லை. சாதாரண எம்பி3 கோப்பிலும் தலைப்பை உள்ளே எழுதிவைக்க ஐடி3 என்ற இடம் உண்டு. அதன் பழைய வடிவத்தில் தலைப்புக்கு 30 எழுத்துதான், நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டுவிடும். பல பதிவுகளில் "டிராக் ஒன்று" என்று மட்டும் இருக்கும், அல்லது காலியாகவே இருக்கும். அதனால் தலைப்பா, கோப்புப் பெயரா, எதை வாசிப்பது என்ற முடிவு கேட்கிறவர் கையில் இருக்கட்டும். ஃபோல்டருக்கு ஃபோல்டர் மாற்றிக்கொள்ளவும் முடிய வேண்டும்.

பொத்தானை அழுத்திய உடனே பழைய பேச்சு நின்று அடுத்த பெயர் தொடங்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல். பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இது ஒன்று சரியாக இருந்தால் பாதிப் பொறுமை மிச்சம்.

பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் புத்தகங்களைத் தயாரித்துப் பகிர வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு நம்முடையது. 2016-இல் அப்படிப்பட்ட புத்தகங்களுக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவும் வந்தது. முன்பு ஒரு புத்தகத்துக்கு ஏங்கினோம். இப்போது கார்டு நிறையப் புத்தகம் இருக்கிறது, வேண்டியதைத் தேடி எடுப்பதுதான் பாடு. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதச் சொல்கிறேன்.

இன்னொரு ஆசை. ஃபோல்டரின் பெயரை யாராவது தன் குரலிலேயே பதிந்து வைக்க வழி இருந்தால், எந்த மொழிச் சிக்கலும் வராது. முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேள். மாதிரிக் கருவி தயாரானதும் அவரையும் கூட்டிக்கொண்டு வா. திரையைத் துணியால் மூடிவிட்டு நூறு கோப்பு உள்ள கார்டு ஒன்றைப் போட்டு, நாம் மூவரும் ஆளுக்கொரு பேச்சைத் தேடிப் பார்ப்போம். வருகிற தேதியை முன்கூட்டியே சொல், ஆச்சி கும்மாயம் செய்து வைப்பதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்