முதலில் எதை வெளியே எடுப்பாய்?

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மாமிக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவ உடனே நல்லூரில் ஒரு அர்ச்சனை செய்யவேண்டும் என்று நிற்கிறா. இங்கே எல்லாரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, ஒழுங்கை முழுக்க வெள்ளம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் கார்ட் விளையாட்டு நிற்கவில்லை. பக்கத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் படிக்கிற பெடியள் சிலர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் இருந்தே 304 என்ற சீட்டாட்டம் அடித்துப் பழகியவர்கள். யார் கையில் என்ன இருக்கும் என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் ஏற்கனவே இருப்பதால் மேஜிக் த காதரிங் என்ற இந்தக் கார்ட் விளையாட்டு அவர்களுக்குக் கெதியாகப் பிடிபட்டுவிட்டது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆட்டத்தைச் சுகமாக வெல்கிறாய், பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் கையை விட்டுப் போகிறது என்று எழுதியிருந்தாய். கொமன் கார்ட்களை மட்டும் வைத்து விளையாடுகிற பௌப்பர் ஃபோர்மட்டில், எதிரியை நேரே அடித்து முடிக்கிற சிவப்பு பேர்ன் டெக் விளையாடுகிற கனபேருடைய முறைப்பாடு இதுதான். நீ அனுப்பிய சைட்போர்ட் பட்டியலை, அதுதான் முதல் ஆட்டத்துக்குப் பிறகு டெக்கில் மாற்றுவதற்கு ஒதுக்கி வைக்கிற கார்ட்களின் பட்டியலை, ஆறுதலாக இருந்து பார்த்தேன். பதினைந்தும் நல்ல கார்ட்கள். தனித்தனியே எடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மேட்சிலும் எட்டு, ஒன்பது கார்டை உள்ளே கொண்டுவருகிறாய். எதை உள்ளே எடுத்தாய் என்று வடிவாக எழுதியிருக்கிறாய், எதை வெளியே எடுத்தாய் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் மச்சான்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். எதிரிக்கு 20 லைஃப், அதைப் பூச்சியமாக்கினால் வெற்றி. உன் டெக்கில் 60 கார்ட், அதில் 18 மவுண்டன், அதாவது கார்ட் போடுவதற்கு வேண்டிய சிவப்பு மனாவைத் தருகிற லாண்ட். நீ முதலாவதாகத் தொடங்கினால் நாலாவது டேர்னில் பத்துக் கார்ட் பார்த்திருப்பாய்: தொடக்கத்தில் ஏழு, பிறகு இழுத்தது மூன்று. பத்தில் சராசரியாக மூன்று லாண்ட் போனால் மிச்சம் ஏழு. லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட் எல்லாம் மூன்று மூன்று டமேஜ். ஏழு தரம் மூன்று இருபத்தொன்று. சிவப்பு டெக்கின் உயிர் அந்த மேலதிகமான ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஏழில் ஒன்று டமேஜ் அடிக்காத கார்டாக இருந்தால் 18-உடன் நிற்பாய், எதிரி 2 லைஃபில் இருந்து அடுத்த டேர்னைத் தொடங்குவான். எட்டுக் கார்டை மாற்றினால், பார்க்கிற பத்தில் ஒன்றுக்கு மேலேயே அப்படிப்பட்ட கார்ட் வரும். நீ வேகத்தால் வென்ற முதல் ஆட்டத்தை இரண்டாவது ஆட்டத்தில் நீயே மெதுவாக்கிவிடுகிறாய்.

அதனால் சைட்போர்டில் இருந்து வருகிற ஒவ்வொரு கார்டிடமும் ஒரு கேள்விதான்: வெளியே போகிற கார்டின் மூன்று டமேஜுக்கு நீ என்ன தருகிறாய்? ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் இதற்கு மிக நேர்மையாகப் பதில் சொல்லும். இரண்டு மனா, ஒரு ஆர்டிஃபாக்டை (கருவி, இயந்திர வகைக் கார்டை) உடைக்கும், அதை வைத்திருப்பவனுக்கு மூன்று டமேஜ். லாவா ஸ்பைக் செய்கிற வேலையைச் செய்துகொண்டே எதிரியின் பெரிய ஆர்டிஃபாக்ட் கிரீச்சரையும், அதாவது சண்டைபிடிக்கிற கார்டையும், எடுத்துவிடுகிறது. ஆர்டிஃபாக்டை நம்பி நிற்கிற அஃபினிட்டி டெக்கில், 2021-ல் வந்த, ஆர்டிஃபாக்டாகவும் இருக்கிற பிரிட்ஜ் லாண்ட்களை அழிக்க ஏலாது என்று உனக்குத் தெரியும். ஆனால் ஸ்மாஷ் அந்த லாண்டைக் குறி வைத்தால்கூட, லாண்ட் அப்படியே இருக்கும், மூன்று டமேஜ் எதிரிக்கு விழும். கடைசி மூன்று லைஃபை எடுக்க அது போதும். உன் பட்டியலில் கொரில்லா ஷாமன் மூன்று வைத்திருக்கிறாய். லாண்டைத் தின்னும் என்ற நம்பிக்கையில்தானே? பிரிட்ஜ் வந்த பிறகு அதன் மதிப்புப் பாதியாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு ஸ்மாஷை நாலாக்கு.

நீல டெக்குக்கு எதிராகக் கணக்கு வேறு. நீலக் கார்டை முறிக்கிற பைரோபிளாஸ்டும் ரெட் எலிமென்டல் பிளாஸ்டும் டமேஜ் ஒன்றும் அடிக்காது. ஆனாலும் நான் நாலையும் எடுப்பேன். எதிரி சிவப்புக் கார்டை முறிக்கிற ஹைட்ரோபிளாஸ்ட், ப்ளூ எலிமென்டல் பிளாஸ்ட் எல்லாம் கொண்டுவருவான். நாலு டமேஜ் அடிக்கிற ஃபயர்பிளாஸ்டுக்காக நீ இரண்டு மவுண்டனைப் பலி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அவன் ஒரு நீல மனாவில் அதை முறிப்பான். பலி கொடுத்தது விலை, அது திரும்பி வராது. கார்டும் போய், இரண்டு லாண்டும் போய், நாலு டமேஜும் போய்விடும். அந்த இடத்தில் ஒரு சிவப்பு மனாவில் பைரோபிளாஸ்ட் போட்டு அவனுடைய ஹைட்ரோபிளாஸ்டை முறித்தால், அந்தக் கார்ட் நாலு டமேஜைக் காப்பாற்றித் தந்ததாகக் கணக்கு. ரெட் எலிமென்டல் பிளாஸ்ட் 1993-ல் வந்த முதல் செட்டிலேயே இருக்கிறது, பைரோபிளாஸ்ட் 1995-ல் ஐஸ் ஏஜில் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு மனாவுக்கு இதைவிட நல்ல பதில் சிவப்பில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பச்சை டெக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் நீ எழுதிய அந்த ஆட்டம் என் மனதை விட்டுப் போகவில்லை. எதிரி 8 லைஃபில். உன் கையில் மூன்று ஸ்பெல், மேசையில் மூன்று மவுண்டன். மூன்று தரம் மூன்று ஒன்பது, முடிந்தது என்று ஒரே டேர்னில் எல்லாவற்றையும் எறிந்தாய். முதலாவது விழுந்தது, 5. இரண்டாவது விழுந்தது, 2. மூன்றாவதைப் போட்டதும், அது விழ முதல் அவன் மூன்று லைஃப் தருகிற வெதர் த ஸ்டோர்ம் போட்டான். அது ஸ்டோர்ம் கார்ட். அந்த டேர்னில் அதற்கு முன் போட்ட எல்லா ஸ்பெல்லையும் எண்ணும், யார் போட்டது என்று பார்க்காது. உன்னுடைய மூன்றும் அவனுக்கு மூன்று கொப்பி ஆகின. அசலோடு சேர்த்து நாலு தரம் மூன்று, 12 லைஃப். 14-க்கு ஏறி, உன் மூன்றாவது போல்ட் விழுந்து 11. உன் கை வெறுமை.

அதே இடத்தில் ஒரு டேர்னுக்கு ஒன்று என்று எறிந்திருந்தால்? முதலாவதற்கே அவன் வெதரைப் போட்டால் ஒரு கொப்பி மட்டும், ஆறு லைஃப். 14-க்கு ஏறி, போல்ட் விழுந்து அதே 11. ஆனால் உன் கையில் இன்னும் இரண்டு போல்ட். அவன் பொறுத்திருந்து பிறகு போட்டாலும், ஒவ்வொரு டேர்னிலும் உன்னுடைய ஒரு ஸ்பெல்தான் அவனுக்கு எண்ணிக்கை. இந்த மேட்சுக்குச் சைட்போர்டில் இருந்து எந்தக் கார்டும் தேவையில்லை. இரண்டாவது ஆட்டத்தில் எதிரி என்ன கொண்டுவந்திருப்பான் என்று முதலே யோசித்து, எறிகிற விதத்தை மாற்றினால் போதும். பச்சை லாண்ட் இரண்டு பாவிக்காமல் திறந்திருந்தால் கையைப் பொத்திக்கொள் மச்சான்.

எல்ஃப்ஸ் மாதிரிச் சின்னச் சின்ன கிரீச்சர் டெக்குகளுக்கு, எதிரியின் எல்லாக் கிரீச்சருக்கும் ஒவ்வொரு டமேஜ் அடிக்கக்கூடிய எலக்ட்ரிக்கரி இரண்டு, அவ்வளவுதான். சிவப்புக்குச் சிவப்பு வந்தால் லாவா ஸ்பைக்கை வெளியே எடு, அது கிரீச்சரை அடிக்காது. அதன் இடத்தில் சியரிங் பிளேஸ். உன்னுடைய டேர்னில் லாண்ட் இறக்கிவிட்டுப் போட்டால் ஆளுக்கும் மூன்று, அவனுடைய கிரீச்சருக்கும் மூன்று. வெள்ளை டெக்கில் டமேஜைத் தடுக்கிற சேர்க்கிள் ஒஃப் புரொடெக்ஷன்: ரெட் அல்லது பிரிஸ்மாட்டிக் ஸ்ட்ராண்ட்ஸ் வரும் என்று தெரிந்தால், அந்தத் தடுப்பை இல்லாமல் செய்கிற ஃப்ளேரிங் பெயின் இரண்டு போதும். அதை ஒரு தரம் போட்டு, பிறகு கிரேவ்யார்டில் (போட்டு முடிந்த கார்ட் போகிற இடத்தில்) இருந்து இன்னொரு தரமும் போடலாம். கிரேவ்யார்டை நம்பி விளையாடுகிற டெக்குகளுக்கு, அதைத் துடைக்க ரெலிக் ஒஃப் புரொஜெனிடஸ் நாலு வைத்திருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் டேர்னில் ரெலிக் இறக்குகிற சிவப்புக்காரன், முதல் டேர்னில் அடிக்காத சிவப்புக்காரன். கட்டாயம் வேண்டுமென்றால் ஃபேரி மக்காப் இரண்டு வை. மனாவே தேவையில்லை, கையில் இருந்து எறிந்தால் இரண்டு கார்ட் கிரேவ்யார்டை விட்டுப் போய்விடும். சில கார்டைச் சேர்த்து ஒரேயடியாக வெல்லப் பார்க்கிற கொம்போ டெக்குகளுக்கு எதிராக நான் பெரும்பாலும் ஒன்றையும் மாற்றுவதில்லை. அவனை விடக் கெதியாக முடிப்பதுதான் அங்கே வேலை.

இன்னொரு விஷயம், இதைப் பெடியளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் வென்றால் அடுத்த ஆட்டத்தை யார் தொடங்குவது என்று தோற்றவன்தான் தெரிவு செய்வான். கிட்டத்தட்ட எப்போதும் தானே தொடங்குவான். அப்போது உனக்கு ஒரு கார்ட் கூட, ஒரு டேர்ன் குறைவு. முதல் டேர்னில் இறக்க வைத்திருக்கிற சின்ன கிரீச்சர், இரண்டாவதாக விளையாடும்போது எதிரியின் பிளாக்கருக்கு முன்னால்தான் போய் நிற்கும். ஆகவே இரண்டாவது ஆட்டத்துக்கு அதில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டுப் பதில் கார்ட்களை வை. அதில் தோற்று, மூன்றாவதில் நீ தொடங்கினால் கிரீச்சரைத் திரும்ப உள்ளே போடு. ஒரே எதிரிக்கு இரண்டு விதமாக மாற்றவேண்டி வரும். நீ ஒரு தரம் மாற்றிவிட்டு மூன்றாவது ஆட்டத்துக்கு அப்படியே போகிறாய் என்று நினைக்கிறேன்.

நீ இங்கே இருந்த காலத்துச் சட்டத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலவும் தெரிகிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றியே ஆகவேண்டும் என்பது 2013-ல் போய்விட்டது. சைட்போர்ட் 15 வரை எத்தனையும் இருக்கலாம், டெக் 60-க்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் நீ 60-ஐத் தாண்டாதே. பௌப்பருக்கு 2019-ல் ஒன்லைனுக்கும் கையில் விளையாடுவதற்கும் எந்தக் கார்ட் செல்லும் என்று ஒரே பட்டியல் வந்தது நல்ல காலம், மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் அதில் 2022 முடிவில் தடை செய்யப்பட்டது உனக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் இருக்கிற நாலையும் பத்திரமாக வை, வேறு ஃபோர்மட்டுக்கு உதவும்.

மாற்றும்போது பதினைந்தையும் டெக்கோடு சேர்த்துக் குலைத்துவிட்டு, பிறகு பதினைந்தை எடுத்து வெளியே வை. எத்தனை மாற்றினாய் என்று எதிரிக்குத் தெரியாது. ஒன்றுமே மாற்றாவிட்டாலும் அப்படிச் செய். அதோடு கார்ட் போடுகிற உறையை, ஸ்லீவைப் பார். மெயின் டெக் ஸ்லீவ் கைபட்டுக் கைபட்டு மங்கிப்போயிருக்கும், சைட்போர்ட் ஸ்லீவ் புதிதாக மினுங்கும். பின்பக்கம் பார்த்தே எது சைட்போர்ட் கார்ட் என்று கண்டுபிடிக்கலாம், ஜட்ஜ் பார்த்தால் அடையாளம் வைத்த கார்ட் என்று பிடிப்பார். இங்கே மாரிக் காற்றில் பளபளக்கிற ஃபொயில் கார்ட்களும் வளைந்துவிடுகின்றன, போன கிழமை ஒரு பெடியனுடைய ஃபொயில் செயின் லைட்னிங் டெக்குக்கு நடுவில் தனியே மேடு கட்டி நின்றது. அதை மாற்றிச் சாதாரணக் கார்ட் வைக்கச் சொன்னேன், மனமில்லாமல் மாற்றினான்.

இங்கே ஸ்லீவ் எடுப்பதுதான் கஷ்டம். அடுத்த மாதம் உன் சித்தப்பா வருகிறார் என்று எழுதியிருந்தாய். அவரிடம் மினுங்காத மட் கறுப்பு ஸ்லீவ் இரண்டு பைக்கற் கொடுத்து அனுப்பு, காசை நான் சித்தியிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்கு அம்மா ஒடியல் மாவும் பனங்கட்டியும் கட்டி வைத்திருக்கிறா.

உன் புதுப் பதினைந்தை எழுதி அனுப்பு. ஒவ்வொரு கார்டுக்கும் பக்கத்தில், யாருக்கு எதிராக உள்ளே வருகிறது, அதற்கு எது வெளியே போகிறது, நீ தொடங்கினால் எப்படி, அவன் தொடங்கினால் எப்படி என்று எழுது. பெடியளில் ஒருவன் பச்சை டெக் கட்டியிருக்கிறான், வெதர் த ஸ்டோர்ம் நாலும் வைத்திருக்கிறான். உன் பட்டியலை அவனுக்கு எதிராக விளையாடிப் பார்த்து எழுதுகிறேன்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
மச்சான்