நமது துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையை இந்த ஆண்டுப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதற்கண் ஓர் இரங்கல். கம்மவான்பேட்டையைச் சேர்ந்த நமது மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற ஹவில்தார் ஐயா, இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார். இங்குள்ள பலருக்கு "முதல் அழுத்தம், இரண்டாம் அழுத்தம்" என்று விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவருடைய குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

ஆண்டின் தொடக்கமே முடங்கித்தான் போனது. மக்களவைத் தேர்தலையொட்டி உறுப்பினர்களின் உரிமத் துப்பாக்கிகள் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு, ஜூன் 4 அன்று எண்ணிக்கை முடியும் வரை காத்திருந்தோம். உரிமம் தேவைப்படும் .22 ரைபிளில் பயிற்சி நடக்கவில்லை. 2019இல் வேலூர் தொகுதியின் தேர்தல் மட்டும் ரத்தாகி ஆகஸ்ட் 5 வரை தள்ளிப் போனபோது பட்ட பாட்டை நினைத்தால் இது பரவாயில்லை. உரிமம் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கிகள்தான் அந்த மாதங்களில் மைதானத்தைக் காப்பாற்றின.

கோடை முகாம் நடைபெற்றது. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடியேற்றினோம். ஆயுத பூஜை வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. செயற்குழு விதிப்படி கூடியது. கோரம் (குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இல்லாமல் கலைந்த கூட்டங்களும் உண்டு.

இந்த ஆண்டின் முக்கியமான பணி டிரிகர் சீரமைப்பு மேசை, அதாவது சுடும்போது விரலால் இழுக்கும் டிரிகரை அளந்து சரிசெய்யும் இடம். இதைப் பற்றிச் செயற்குழுவிலும் வெளியிலும் பல பேச்சுகள் எழுந்ததால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மிடம் உள்ள பொதுத் துப்பாக்கிகளைக் காலையில் ஒரு பள்ளி மாணவி எடுக்கிறாள். மாலையில் அதே துப்பாக்கியை அவளைவிட இரு மடங்கு கை நீளமுள்ள ஒருவர் எடுக்கிறார். ஆளுக்கொரு ஆலன் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருகியதில் எந்தத் துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத நிலை வந்தது. போட்டிக்குச் சென்ற நம் மாணவி ஒருத்தியின் காற்றுக் கைத்துப்பாக்கி, உபகரணப் பரிசோதனையின் முதல் தூக்கலிலேயே எடையைத் தாங்காமல் விடுபட்டது. பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு டிரிகர் எடை, அதாவது அது விடுபடத் தேவையான பளு, 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. வீட்டில் ஸ்பிரிங் தராசை வைத்து யாரோ 'சரியாக 500' என்று அமைத்துக் கொடுத்திருந்தார்கள். பரிசோதனையில் அப்படி அளப்பதில்லை. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டு, மேசையிலிருந்து மெதுவாக உயர்த்துவார்கள். மூன்று முறைதான் வாய்ப்பு. போட்டி முடிந்த பின் நடக்கும் சோதனையில் தோற்றால் சுட்ட மதிப்பெண் எல்லாம் போய்விடும். அந்தப் பிள்ளை அங்கேயே திருத்திக்கொண்டு சுட்டாள். ஆனால் சுடுவதற்கு முன்பே கை நடுங்கியவளிடம் நல்ல மதிப்பெண்ணை எப்படி எதிர்பார்ப்பது?

அதன் பிறகுதான் இந்த மேசையை அமைத்தேன். ராணிப்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் 500 கிராம், 1000 கிராம் எடைக்கட்டிகளைச் செய்து, லாங் பஜாரில் ஒரு நகைக்கடைத் தராசில் சரிபார்த்தோம். 1000 கிராம் எடைக்கட்டி 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கானது. கைத்துப்பாக்கிகளை விதி எடைக்குச் சற்று மேலேயே அமைக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். வெயிலும் புழுதியும் எண்ணெயைக் கெட்டியாக்கும்போது எடை மாறும். வேலூர் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரைபிளின் கணக்கு வேறு. காற்று ரைபிளுக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை. போட்டியாளர்கள் பொதுவாக 50 முதல் 150 கிராமுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். விதி இல்லை என்பதற்காக எல்லோரும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் நம் சங்கத்தின் நோய். பத்து மீட்டரில் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர்தான். விரல் பட்டதும் வெடிக்கும் டிரிகரை வைத்துக்கொண்டு, குறி வந்து நிற்பதற்குள் குண்டை அனுப்பிவிட்டு, துப்பாக்கியைக் குறை சொல்கிறோம். இரண்டு கட்ட டிரிகரில் மொத்த எடையின் பெரும்பகுதி முதல் கட்டத்தில் இருக்க வேண்டும். விரல் பின்னால் வந்து ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்க வேண்டும். அங்கே நின்று குறியைப் பார்த்து, மீதிச் சிறு எடையைச் சேர்த்தால் போதும். அந்தச் சுவர் விரலுக்குத் தெரியாவிட்டால் இரண்டு கட்டம் இருந்தும் பயனில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு 150 கிராமில் தொடங்கி, கை பழகிய பின் குறைப்பது என்று மேசையில் முடிவெடுத்தோம்.

வரிசையும் முக்கியம். முதலில் டிரிகர் நாக்கு இருக்கும் இடம்: ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை அதன்மேல் நேராகப் படிந்து, இழுப்பு நேர் பின்னால் போக வேண்டும். அது சரியாகாமல் எடையைத் தொடுவது வீண். பிறகு முதல் கட்ட எடை, அடுத்து இரண்டாம் கட்ட எடை, அதற்குப் பின்தான் கொக்கிப் பிடிப்பு, அதாவது டிரிகர் விடுபடாமல் உள்ளே பிடித்து நிறுத்தும் கொக்கியின் பிடி அளவு. வெடித்த பின் டிரிகர் எவ்வளவு பின்னால் ஓடலாம் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதிலும் கால் சுற்று மட்டுமே. ஒவ்வொரு மாற்றமும் நோட்டுப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். பொதுத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். அதில் எழுதாமல் திருகைத் தொட்ட உறுப்பினர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும்.

கொக்கிப் பிடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரிகரில் உள்ள இழுவை உணர்வைப் போக்க வேண்டும் என்று அதைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் விரல் படாமலே விடுபடும். ஆகவே .22 ரைபிளில் கொக்கியைத் தொட்டால், குண்டு இல்லாத நிலையில் போல்ட்டை வேகமாக அடித்து மூடியும், கட்டையின் அடிப்பகுதியை ரப்பர் விரிப்பில் தட்டியும், பாதுகாப்புப் பூட்டைப் போட்டு டிரிகரை இழுத்துவிட்டுப் பூட்டைத் திறந்தும் பார்த்த பின்பே சுடும் வரிசைக்கு அனுப்புகிறோம். இதில் ஒன்றில் விடுபட்டாலும் அந்தத் துப்பாக்கி அலமாரிக்குத்தான் போகும்.

உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் சில உறுப்பினர்கள் தங்கள் .315 வேட்டை ரைபிளுக்கும் போட்டி டிரிகரின் மென்மை வேண்டும் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன், அதற்காகச் சிலர் என்மீது வருத்தத்தில் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு ஜவ்வாது மலையிலோ அமிர்தியிலோ வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில்கூட, காட்டில் நடந்து திரியும் துப்பாக்கிக்குப் பொதுவாக ஒன்றரை கிலோ அளவில்தான் டிரிகரை அமைக்கிறார்கள். குளிரில் விரைத்த கையும் கையுறையும் மென்மையான டிரிகரை உணராது. கால் இடறினால் அது பொறுக்காது. ஹவில்தார் ஐயா பழகிய பழைய .303 ராணுவ ரைபிளில் இரண்டாம் அழுத்தம் இரண்டு கிலோவைத் தாண்டும். அதை வைத்துக்கொண்டுதான் அந்தத் தலைமுறை குறி தவறாமல் சுட்டது. அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனமே 2014இல் தன் எக்ஸ்-மார்க் புரோ டிரிகர் பொருத்திய ரைபிள்களை, தானாக வெடிக்கக்கூடும் என்பதால் திரும்பப் பெற்றது. பொருத்தும்போது கூடுதலாகப் பட்ட ஒட்டுப்பசைதான் காரணம். தொழிற்சாலையிலேயே அப்படி நேரும் என்றால், நம் மேசையில் யாருடைய உயிரை வைத்து விளையாடுவது?

இந்தப் பணத்தை மின்னணு இலக்குக்குச் சேர்த்திருக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னார்கள். மின்னணு இலக்கு வேண்டும்தான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இலக்கு மதிப்பெண்ணைக் காட்டுமே தவிரக் கூட்டித் தராது. எடைக்கட்டிகளுக்கும் மேசைக்கும் ஆன செலவு அந்த இலக்கின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. மேசை வந்த பிறகு நம் பிள்ளைகளில் ஒருவர்கூட உபகரணப் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படவில்லை. இதைப் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. கையிருப்பு மிகச் சிறிது. காரணம் சந்தா. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து உறுப்பினர்கள் சிலர் 'எங்கள் மாவட்டத்தில் தனிச் சங்கம் வரப்போகிறது' என்று சொல்லிச் சந்தாவை நிறுத்தினார்கள். ஆனால் போட்டி நெருங்கினால் வாலாஜாவிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு இதே மைதானத்துக்குத்தான் வருகிறார்கள். வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. இங்கிருந்து பத்து நிமிடத் தூரத்தில் சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு, ஆண்டு முழுவதும் முகம் காட்டாமல், பொதுக்குழு நாளில் மட்டும் கேள்வி கேட்பவர்களை நினைத்துத்தான் வருத்தப்படுகிறேன். மேசையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்தவர்கள் மிகச் சிலரே. அவர்கள்தான் இந்தச் சங்கம்.

மைதானத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், பாதுகாப்புக்கு உதவிய காவல்துறையினருக்கும், முகாமுக்கு மோர் அனுப்பிய குடும்பங்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2026இல் சட்டமன்றத் தேர்தல் வரும். உரிமத் துப்பாக்கிகள் மீண்டும் காவல் நிலையத்துக்குப் போகும். மறுபடியும் காற்றுத் துப்பாக்கிகளையே நம்ப வேண்டும். அவற்றில் இரண்டுக்கு சீல் மாற்ற வேண்டும். காற்று நிரப்பும் சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும். இவற்றுக்குக் கையிருப்பு போதாது. டிரிகர் மேசைக்கு இளைஞர் ஒருவர் பொறுப்பேற்க வந்தால் நோட்டுகளையும் எடைக்கட்டிகளையும் அவரிடம் ஒப்படைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எவரும் வராவிட்டால் நானே தொடர்வேன்; ஆனால் எத்தனை ஆண்டு என்று என்னால் வாக்குக் கொடுக்க இயலாது. நிலுவைச் சந்தா செலுத்த விரும்புவோருக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருப்பார். இரு தவணையாகக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்ளச் செயற்குழு ஒப்புதல் அளித்திருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்