சாவு மேளத்துக்குப் பத்து மணி, சப் ஊஃபருக்கு எத்தனை மணி?

புதுச்சேரியில் மதுக்கூட உரிமங்களில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும், அந்த உரிமத்தின்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் முற்றமும் உள்ள வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிற ஒரு வீதியிலிருந்து எழுதுகிறோம். வீதியின் பெயரை இங்கே போடவில்லை. மதுக்கூடங்களின் இரவுச் சத்தம் பற்றி ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்களில் அது இருக்கிறது, முத்திரை குத்திய நகலும் எங்களிடம் இருக்கிறது. உணவகமும் மதுக்கூடமும் சேர்ந்த இந்த ரெஸ்டோ பார்கள் எப்போது வந்தன, வீடாக இருந்த கட்டடங்களின் மொட்டை மாடிக்கு எப்படி ஏறின என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2025 ஆகஸ்டில் மிஷன் வீதி ரெஸ்டோ பார் ஒன்றில் ஒரு மாணவர் கொல்லப்பட்டதையும் நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

அன்று மதியம் எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் காலமானார். வயது 88. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், வீதிக்கே சொல்தா தாத்தா (சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்). கல்யாணச் சாவுதான். மகன் பாரீசிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதால் உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாயங்காலம் மேளம் வந்தது. இரவு சரியாகப் பத்து மணிக்கு இரண்டு காவலர்கள் பைக்கில் வந்தார்கள். "யாரோ போன் பண்ணியிருக்காங்க. பத்து மணிக்கு மேல மேளம் அடிக்கக் கூடாதுங்க, சுப்ரீம் கோர்ட் ஆர்டர்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். சொன்னதும் சரிதான். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒலி மாசுத் தீர்ப்பு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது அவசரத்துக்குத் தவிர மேளம் தட்டக் கூடாது, ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று சொல்கிறது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நெருப்பில் காய்ந்துகொண்டிருந்த பறையை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு மேளக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் காவலர்கள் நின்ற இடத்திலிருந்து நான்கு வீடு தள்ளி, மொட்டை மாடியில் டிஜே மைக்கில் கத்தினார்: "பாண்டி! சத்தம் கேக்கல!"

காவலர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். பிறகு அவர்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

மேலே பாட்டு நின்றபோது மணி 1.10. அதுவரை அந்த வீட்டுப் பெண்கள் குத்துப்பாட்டுக்கு நடுவே ஒப்பாரி வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதையும் விட்டுவிட்டார்கள். ஒப்பாரிக்கு மூச்சு விட இடைவெளி வேண்டும், அந்தப் பாட்டில் இடைவெளியே இல்லை. தாத்தாவின் மூத்த மருமகன் பாருக்குப் போய், "சாவு வீடுங்க, இன்னிக்கு ஒரு நாள்" என்று கேட்டுப் பார்த்தார். வாசலில் நின்ற பவுன்சர் மேலே போன் செய்தார். சத்தம் குறைந்தது. இருபது நிமிஷத்துக்கு.

அதனால்தான் இந்தக் கடிதம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். இரவு 10 மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஒலிபெருக்கி கூடாது. இதை உரிமத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். மீறினால் உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் குடிக்கு எதிரிகள் இல்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்துவிட்டு அப்படிச் சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். சனி, ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் மேலும் கோபம் இல்லை. இந்த வயதில் ஆடாமல் எப்போது ஆடுவது? கலால் வருமானம் இந்த அரசுக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் தெரியும். எங்களில் பாதிப் பேர் அரசுச் சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர்கள்தான். மூடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கதவுக்குள் வையுங்கள் என்கிறோம்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் மனுவை விசாரிக்க வந்த ஒருவர் என் அம்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார்: "ராத்திரியில கதவு, ஜன்னலைச் சாத்திக்குங்கம்மா."

எங்கள் வீட்டை அவர் பார்க்கவில்லை. என் தாத்தா காலத்து வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். முற்றத்துக்குக் கூரை கிடையாது. காற்றும் வெளிச்சமும் மழையும் வருவதற்காகக் கட்டின வழி அது. சத்தமும் அதே வழியாகத்தான் வருகிறது. மொட்டை மாடியிலிருந்து நேராக முற்றத்தில் விழுந்து, நான்கு சுவரிலும் மோதி, தாழ்வாரத்தில் சுற்றுகிறது. வாசலில் நின்றால் கேட்பதைவிட உள்ளே நின்றால் கூடுதலாகக் கேட்கிறது. இதில் எந்தக் கதவைச் சாத்துவது? இந்த மாதிரி வீடுகளைப் பாரம்பரியச் சின்னம் என்கிறீர்கள், முகப்பை மாற்றாதே என்கிறீர்கள், பயணிகளைக் கூட்டிவந்து வாசலில் நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொல்கிறீர்கள். முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூடலாமா என்று கேட்டால் அதற்கு மட்டும் அனுமதி வாங்க வேண்டும் என்கிறீர்கள்.

அம்மாவுக்கு வயது 76. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவர் செய்யும் அடுத்த வேலை என்ன தெரியுமா? சமையலறை அலமாரியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடையிடையே பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்து, மறுபடி அடுக்குவது. பேஸ் சத்தத்துக்கு டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிணுகிணுவென்று ராத்திரி முழுக்க அதிரும். பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வாராம், இந்தக் கிணுகிணுப்பில்தான் தூக்கம் போகிறதாம். பித்தளைச் சொம்பைத் தரையில் இறக்கிவிடுகிறார். சாமி படத்துக்குப் பின்னால் அட்டை சொருகியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் துணியையெல்லாம் எடுத்து மடித்து வைக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடி. யாரிடமும் இதைப் பற்றி அவர் புகார் சொன்னதில்லை. கோலம் போடுவது போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

டம்ளர் ஏன் அதிர்கிறது என்பதற்கும் உங்கள் மீட்டர் ஏன் அதைச் சொல்வதில்லை என்பதற்கும் ஒரே காரணம்தான். தாழ்ந்த சுருதி ஒலி, அதாவது பேஸ், சுவரில் எளிதாக ஊடுருவும். நம் விதிகள் ஒலியை அளக்கச் சொல்வது டெசிபல் 'ஏ' என்ற அளவுகோலில். அது காது கேட்கும் விதத்தைப் பின்பற்றுவது, பேஸைக் கழித்துத்தான் காட்டும். 63 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியென்றால் சுமார் 26 டெசிபல் கழிந்துவிடும். அப்படிக் கழித்த பிறகும் எங்கள் முற்றத்தில் இரவு 11 மணிக்குப் போனில் 70-க்கு மேல் காட்டுகிறது. போன் செயலி ஆதாரம் ஆகாது என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆதாரமாகும் கருவி உங்களிடம்தானே இருக்கிறது? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான். தனியார் இடத்தில் ஒலிபெருக்கி இருந்தால் அந்த இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 5 கூடலாம், அவ்வளவுதான். எங்கள் வீதி வணிகப் பகுதி என்று யாராவது சொன்னால் அங்கேயும் இரவுக்கு 55. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. அரங்கம், விருந்துக்கூடம் போன்ற மூடிய இடத்துக்குள் இரவிலும் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மொட்டை மாடிகளெல்லாம் நடக்கின்றன. மூன்று பக்கம் மூங்கில் தட்டி, மேலே கொஞ்சம் கீற்று, நடுவில் நட்சத்திரங்கள். கேட்டால் மூடிய இடமாம். இந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டுக் கொடியில் புடவை காயும்போது அதுவும் மூடிய இடம்தான்.

சொல்தா தாத்தாவின் மகன் விடியற்காலை வந்து சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஆள்கள் கலைந்த பிறகு நடந்ததைச் சொன்னோம். அவர் பாரீஸ் புறநகரில் சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறார். சிரித்துவிட்டு, அங்கே எப்படி என்று சொன்னார். பிரான்சில் மதுக்கூடத்தின் பாட்டு பக்கத்து வீட்டுக்குள் கேட்டு, அங்கே ஏற்கெனவே இருக்கும் சத்தத்தைவிட 3 டெசிபல் கூடினாலே விதிமீறல். பேஸைத் தனியாக அளக்கிறார்கள். 2017-ல் வந்த ஆணைப்படி கூடத்துக்கு உள்ளேயே 'ஏ' அளவில் 102, பேஸைப் பிடிக்கும் 'சி' அளவில் 118 என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு செய்து காட்ட வேண்டும். ஆய்வு சொன்னால் ஒலியைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் கருவியைப் பொருத்த வேண்டும். டிஜே எவ்வளவு திருகினாலும் வரம்புக்கு மேல் ஏறாது.

இங்கே நீங்கள் விற்பது பிரெஞ்சு அனுபவம் என்றல்லவா விளம்பரம் சொல்கிறது? சுவருக்கு மஞ்சள் வர்ணம், வீதிப் பலகையில் பிரெஞ்சுப் பெயர், கடைக்குக் கடை குரோசான். எல்லாம் வந்துவிட்டது. அந்த 3 டெசிபல் மட்டும் 1954-ல் கப்பலேறிப் போய்விட்டது போலிருக்கிறது.

யாரிடம் போய்ச் சொல்வது என்பது இன்னொரு கதை. ஓர் அலுவலகத்தில், நாங்கள் மதுவைத்தான் பார்க்கிறோம், சத்தம் எங்கள் வேலை இல்லை என்றார்கள். சத்தத்தைப் பார்க்கிற அலுவலகத்தில், இரவில் வர ஆள் இல்லை, காவல் நிலையத்துக்குப் போங்கள் என்றார்கள். அங்கே மீட்டர் இல்லை என்றார்கள். சாவு மேளத்தை நிறுத்தியபோது எந்த மீட்டரும் கொண்டுவரவில்லை, கைக்கடிகாரம்தான் பார்த்தார்கள். அதே கைக்கடிகாரம் மொட்டை மாடிக்கும் போதும். 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஓடுகிறதா, இல்லையா? அதற்குக் காது போதும்.

நாங்களும் ஒன்றும் மௌன விரதக்காரர்கள் இல்லை. ஆடி மாதம் எங்கள் வீதி முனைக் கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். அரசியல் கூட்டங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பேசுகிறவரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படுவதில்லை. திருவிழாக் காலத்துக்கென்று 10 மணியிலிருந்து நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம் என்று விதியே சொல்கிறது, ஆனால் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது என்று எல்லையும் கட்டியிருக்கிறது. சாமிக்கே 15 நாள்தான். இந்த மொட்டை மாடிகளுக்கு வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 156 நாள்.

எங்கேயோ போய்விட்டோம், மன்னிக்கவும். ஊரில் உள்ள எல்லாச் சத்தத்தையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லி எழுத உட்காரவில்லை. மறுபடி அதே கோரிக்கைதான்: இரவு 10 மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஒலிபெருக்கி கூடாது, அதை உரிமத்தில் எழுதுங்கள். கண்ணாடி போட்டு, கதவு வைத்து உள்ளே நடத்துகிறவர்கள் சீல் வைத்த லிமிட்டரோடு நடத்திக்கொள்ளட்டும். புதுப்பிக்கும்போது அந்த வீதிக்காரர்கள் தந்த புகார்களையும் கோப்பில் வைத்துப் பாருங்கள்.

உங்களால் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். மாலையானால் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடுகிறீர்கள். மந்திரி கார் வந்தாலும் சுற்றிப் போ என்கிற அளவுக்கு அது ஊருக்குப் பழகிவிட்டது. அதற்கு என்ன செலவானது? ஒரு பேரிகார்டும் ஒரு காவலரும். அதைச் செய்தவர்கள்தானே நீங்கள்.

ஆகவே தயவுசெய்து வரும் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு உங்கள் மீட்டரோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், எங்களிடமும் வேண்டாம், பாரிடமும் வேண்டாம். வாசல் கதவு திறந்தே இருக்கும், எப்படியும் யாரும் தூங்கியிருக்க மாட்டோம். முற்றத்தில் நாற்காலி போட்டுத் தருகிறோம். அம்மா காபி போடுவார். டம்ளரை எடுக்கும்போது இடையில் துணி இருக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் தர வேண்டியிருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்று மனுக்களிலும் கையெழுத்திட்ட வீட்டுக்காரர்களுக்காக,
சொல்தா தாத்தாவின் எதிர் வீட்டுக்காரன்