நடுக்களத்துக்குச் செலவிடுங்கள்: ஈகிள்ஸ் அணி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் திரு. ஜெஃப்ரி லூரி, பொது மேலாளர் திரு. ஹோவி ரோஸ்மன் ஆகியோருக்கு,

வணக்கம். உங்கள் அரங்கத்துக்கு ஆற்றின் மறுகரையில், தெற்கு நியூ ஜெர்சியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அமெரிக்கா வந்த புதிதில் விதிமுறை தெரியாமல் பார்க்கத் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்தை, இன்று ஞாயிறுதோறும் வீட்டில் தமிழிலேயே அலசுகிறோம். ஆகவே இந்த மடலையும் தமிழிலேயே எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் தடுப்பாட்டத்தின் நடுக்கள வீரர்களான லைன்பேக்கர்களுக்காக மனம் திறந்து செலவிடத் தொடங்கியிருக்கிறீர்கள். அதை ஒரு விதிவிலக்காக முடித்துக்கொண்டு பழைய சிக்கனத்துக்குத் திரும்பிவிடாமல், நிலையான கொள்கையாக ஆக்கி, இன்னும் கூட்ட வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் அதிகம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பாட்டத்தில் முன்வரிசை வீரர்கள் எதிரணியின் முன்வரிசையோடு மல்லுக்கட்டுகிறார்கள். கடைசி வரிசையினர் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைத் துரத்துகிறார்கள். இவ்விரு வரிசைகளுக்கும் நடுவே நிற்பவர்தான் லைன்பேக்கர். எதிரணி பந்தைச் சுமந்து ஓடப்போகிறதா, எறியப்போகிறதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணித்து, முன்னே பாய்வதா பின்னே நகர்வதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். இன்று பெரும்பாலான அணிகள், பந்து பிடிப்போரைச் சமாளிக்கக் கடைசி வரிசையில் ஐந்து பேரை நிறுத்துவதால், நடுவில் எஞ்சுவது இரண்டே லைன்பேக்கர்கள். முன்பு மூவர் பகிர்ந்துகொண்ட பரப்பை இப்போது இருவர் காக்கிறார்கள். ஆள் குறைந்ததால் அந்த இடத்தின் மதிப்பும் குறைந்துவிட்டது என்று பலர் கணக்கிட்டார்கள். உங்கள் அலுவலகமும் நெடுங்காலம் அப்படித்தான் கணக்கிட்டது. எஞ்சியிருக்கும் இருவர்மீது விழும் சுமை கூடியதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை.

2022 சீசனில் நம் அணி லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் வரை சென்றது. அந்த ஆண்டு அணியிலேயே அதிகமாக, 159 டேக்கிள்களை (பந்தோடு வருபவரைப் பிடித்துச் சாய்ப்பதை) செய்தவர் டி.ஜே. எட்வர்ட்ஸ். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத நிலையில் 2019 இல் நம்மிடம் வந்து, தானாக உழைத்து மேலே வந்தவர் அவர். சீசன் முடிந்ததும் மூன்று ஆண்டுகளுக்கு 1.95 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் சிகாகோ அவரை அழைத்துச் சென்றது. அவருக்குப் பக்கத்தில் ஆடிய கைசிர் ஒயிட் அரிசோனாவுக்குப் போனார். நட்சத்திர வீரர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை பெரிதே அல்ல. இருந்தும் இருவரையும் ஒரே கோடையில் போகவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டு மூன்றாம் சுற்றில் எடுத்த நகோபி டீன்மீது முழுப் பாரத்தையும் ஏற்றினீர்கள். டீன் காயமடைந்து, அந்தச் சீசனில் ஐந்தே ஆட்டங்களில் ஆடினார். மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களைக் கொண்டு மிச்ச ஆண்டை ஓட்டினோம். நவம்பரில் இண்டியானாபொலிஸ் விடுவித்த ஷகீல் லெனர்டையும் டிசம்பரில் அவசரமாகக் கூட்டிவந்தோம்.

2023 டிசம்பர் 31 அன்று, அரிசோனாவுக்கு எதிரான ஆட்டத்தை அரங்கத்தின் மேல் அடுக்கிலிருந்து என் மகனோடு பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் களம் ஒரு வரைபடம்போல் விரியும். தொலைக்காட்சியில் தெரியாத வெற்றிடங்கள் அங்கிருந்து பளிச்சென்று தெரியும். எதிரணியின் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக், பந்தை ஓட்டக்காரரின் வயிற்றுக்கு நேரே நீட்டுவார். நம் லைன்பேக்கர் ஓர் அடி முன்னே எடுத்து வைப்பார். அந்த ஓர் அடிதான் கேள்வி. பந்து கைமாறினால் அவர் இன்னும் வேகமாகப் பாய்ந்திருக்க வேண்டும். கைமாறாவிட்டால் அந்த அடியையே எடுத்து வைத்திருக்கக் கூடாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படித்தான் அந்தச் சீசன் முழுவதும் நம் நடுக்களம் நின்றது. அன்று முதல் பாதி முடிவில் 21-6 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டாம் பாதியில் அரிசோனா தன் கைக்குப் பந்து வந்த நான்கு முறையும் பந்தை இலக்குக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் அடித்தது. கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஜேம்ஸ் கானர் நடுவே முட்டிக்கொண்டு உள்ளே நுழைய, 35-31 என்று தோற்றோம். பத்து வெற்றி, ஒரே தோல்வி என்று தொடங்கிய சீசன், கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தில் தோற்று, டாம்பாவில் 32-9 என்ற தோல்வியோடு முடிந்தது. அந்தச் சீசனில் புள்ளிகளை விட்டுக்கொடுத்ததில் 32 அணிகளுள் நாம் 30ஆவது இடம்.

அந்தச் சரிவுக்குப் பெரும்பழி தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் ஷான் தேசாய்மீது விழுந்தது. இந்தத் தொழில்முறை லீகில் ஒருங்கிணைப்பாளரான முதல் இந்திய வம்சாவளியினர் அவர் என்பதால், எங்கள் போன்ற வீடுகளில் அவர்மீது தனி அக்கறை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சீசனின் நடுவே ஆட்டத் திட்டத்தை அழைக்கும் பொறுப்பு அவரிடமிருந்து மாட் பட்ரீசியாவிடம் போனது. ஆள் மாறியும் ஆட்டம் தேறவில்லை. அவர் பிழையே செய்யவில்லை என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் கிடங்கில் சரக்கு இல்லாதபோது கடைக்காரரை மாற்றிப் பயனில்லை. கிடங்கை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது.

அடுத்த ஆண்டு நடந்ததை நீங்களே எங்களைவிட நன்றாக அறிவீர்கள். நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்பு அணிகளிலும் முன்வரிசையின் விளிம்பிலும் ஆடிக்கொண்டிருந்த ஸாக் பான் என்பவரை, ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு அழைத்து வந்தீர்கள். புதிய ஒருங்கிணைப்பாளர் விக் ஃபேன்ஜியோ அவரை நடுக்களத்துக்கு மாற்றினார். 151 டேக்கிள்களும், எதிரணியின் கையிலிருந்து ஐந்து முறை பந்தைத் தட்டிவிட்டதும், லீகின் தலைசிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இடமும் அவருக்குக் கிடைத்தன. அவர் பக்கத்தில் டீன் நலமாக நின்றார். லீகிலேயே மிகக் குறைந்த யார்டுகளை விட்டுக்கொடுத்த அணியானோம். 2025 பிப்ரவரி 9 அன்று, பானின் பழைய அணியின் மைதானத்திலேயே நடந்த சூப்பர் பவுலில், இரண்டாம் கால்பகுதியில் கேன்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தை அவர் தாவி விழுந்து பிடித்தார். அந்தப் பந்திலிருந்து ஏ.ஜே. பிரவுனின் டச்டவுன் வந்தது, இடைவேளையின்போது 24-0, இறுதியில் 40-22. எங்கள் வீட்டில் அன்று அழாதவர் யாரும் இல்லை.

பான் மலிவாகத்தானே கிடைத்தார், பிறகு ஏன் அதிகம் செலவிட வேண்டும் என்பது உங்களைச் சுற்றியுள்ள பலர் வைக்கும் வாதம். அது பொருட்படுத்தத்தக்க வாதம்தான். ஆனால் 2023 இன் சரிவும் 2024 இன் கண்டெடுப்பும் ஒரே கொள்கையின் இரண்டு விளைவுகள். மலிவான ஒப்பந்தங்களில் தேடினால் ஓர் ஆண்டு பான் கிடைப்பார், இன்னோர் ஆண்டு யாருமே கிடைக்கமாட்டார்கள். எது எந்த ஆண்டில் நேரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதைவிட, விளிம்பில் ஆடியவருக்குள் ஒரு நடுக்கள வீரர் இருப்பதைக் கண்டது ஃபேன்ஜியோவின் கண். அந்தக் கண் என்றென்றும் நம்மிடம் இருக்கப்போவதில்லை.

ஃபேன்ஜியோவின் முறையே நல்ல லைன்பேக்கர்களை நம்பி நிற்பது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். நீண்ட எறிதல்களை அடைக்க கடைசி வரிசையின் காவலர்களான சேஃப்டிகள் இருவரையும் அவர் ஆழத்தில் நிறுத்துகிறார். அதற்கு விலையாக, ஓட்டத்தைத் தடுக்க முன்னால் நிற்போரின் எண்ணிக்கை குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியவர்கள் நடுக்களத்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு பேட்ரிக் வில்லிஸும் நவோரோ போமனும் இருந்தார்கள். சிகாகோவில் 2018 இல் டிராஃப்ட்டின் எட்டாவது தேர்வாக ரோகுவான் ஸ்மித் வந்தார். அவருடைய சிறந்த தடுப்பணிகள் நடுக்களத்தில் சிக்கனம் பிடித்து உருவானவை அல்ல.

இதில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. சூப்பர் பவுலுக்குப் பிறகு முன்வரிசையிலிருந்து மில்டன் வில்லியம்ஸ் நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு நியூ இங்கிலாந்துக்கும், ஜாஷ் ஸ்வெட் அரிசோனாவுக்கும் போய்விட்டார்கள். முன்வரிசையில் ஆள் குறையும்போது முதலில் அடிவாங்குவது லைன்பேக்கர்தான். முன்னால் இருவரை ஒருசேர இழுத்துப் பிடிக்கும் பலசாலி இல்லையென்றால், எதிரணியின் 300 பவுண்டு தடுப்பாளர் தடையின்றி ஓடிவந்து லைன்பேக்கரின் மார்பில் மோதுவார். முன்வரிசைக்குத்தான் முதலிடம் என்பதை ஏற்கிறேன். அங்கே எல்லோரையும் தக்கவைக்கச் சம்பள உச்சவரம்பு இடம் தராது என்று தெரிந்த பிறகு, அடுத்த வரிசையைப் பலப்படுத்துவது கட்டாயமாகிறது.

விலையையும் பார்க்கலாம். 2025 இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். மார்ச் மாதம் பானுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடி, அதாவது ஆண்டுக்கு 1.7 கோடி கொடுத்தீர்கள். அந்த முடிவை மனதாரப் பாராட்டுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபிரெட் வார்னருக்கு, இந்த இடத்தில் ஆடுவோரில் உச்சத்தில் இருப்பவருக்கு, ஆண்டுக்கு 2.1 கோடி. நம் ஏ.ஜே. பிரவுனுக்கு ஆண்டுக்கு 3.2 கோடி. பிரவுன் அதற்குத் தகுதியானவரே. ஆனால் லீகின் தலைசிறந்த நடுக்கள வீரரின் விலை நட்சத்திரப் பந்து பிடிப்பவரின் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் என்றால், சந்தை இன்னும் இந்த இடத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது. மற்றவர்கள் குறைத்து மதிப்பிடும் இடத்தில் முதலில் கை வைப்பதுதானே திரு. ரோஸ்மன் அவர்களே உங்கள் பெயருக்குப் பெருமை சேர்த்தது? ஒப்பந்தம் முடியும் வீரரை நிர்ணயித்த சம்பளத்தில் ஓராண்டுக்குத் தடுத்து வைக்கும் ஃபிரான்சைஸ் டேக் விதியில் லைன்பேக்கர்களையும், குவாட்டர்பேக்கைத் துரத்தும் விளிம்பு வீரர்களையும் ஒரே தட்டில் வைத்திருப்பதால், அந்த விலைக்கு நடுக்கள வீரரை எந்த அணியும் தடுத்து வைக்கத் துணிவதில்லை. தக்கவைக்க விரும்பினால் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே பேசி முடிப்பதுதான் வழி.

ஒருவருக்குக் கொடுத்தாயிற்று, போதும் என்று நிறுத்திவிடவும் கூடாது. 2024 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில், சான் ஃபிரான்சிஸ்கோவின் ட்ரே கிரீன்லா பக்கவாட்டிலிருந்து களத்துக்குள் ஓடி வரும்போதே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். வார்னர் இருந்தும் அந்த அணி கூடுதல் நேரத்தில் கேன்சஸ் சிட்டியிடம் தோற்றது. நமக்கும் 2025 ஜனவரியில் கிரீன் பே ஆட்டத்தில் டீனின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஓரன் பர்க்ஸ் அந்த இடத்தில் நின்று நம்மைக் கரைசேர்த்தார். அந்த பர்க்ஸும் அடுத்த மாதங்களில் சின்சினாட்டிக்குப் போய்விட்டார். மூன்றாவது லைன்பேக்கரை உபரி ஆள் என்று கருதினால், ஒரே காயத்தில் 2023 திரும்பி வந்துவிடும்.

2025 ஏப்ரலில், 31ஆவது தேர்வுக்கு ஓரிடம் முன்னே நகர்ந்து ஜிஹாத் கேம்பெலை எடுத்தீர்கள். நடுக்கள லைன்பேக்கர் ஒருவரை ஈகிள்ஸ் முதல் சுற்றில் எடுப்பது 1979 இல் ஜெர்ரி ராபின்சனுக்குப் பிறகு அதுவே முதல்முறை. கேம்பெல் எங்கள் தெற்கு ஜெர்சிப் பையன் என்ற மகிழ்ச்சியும் எங்களுக்கு உண்டு. டீன் அக்டோபரில் களத்துக்குத் திரும்பியதும் கேம்பெலின் நேரம் குறைந்தது. அதைப் பார்த்து, இருவரில் ஒருவர் மிகை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம் என்று வேண்டுகிறேன். டீனின் நான்காண்டு முதல் ஒப்பந்தம் இந்த 2025 சீசனோடு முடிகிறது. எட்வர்ட்ஸ் விஷயத்தில் செய்ததுபோல், வேறு அணி விலை சொல்லும்வரை காத்திருந்து கைகுலுக்கி அனுப்பிவிடாதீர்கள். அவருடைய காயங்களின் வரலாறு எனக்கும் கவலை தருவதுதான். அதை ஒப்பந்தத்தின் காலத்திலும் உத்தரவாதத் தொகையிலும் ஈடுசெய்யலாம், ஆளையே இழக்க வேண்டியதில்லை. ஒருவேளை அவர் போயே தீர வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு டிராஃப்ட்டின் முதல் மூன்று சுற்றுகளுக்குள் ஒருவரை எடுங்கள். ஆகஸ்டு மாதத்தில் பிறர் கைவிட்டவர்களின் பட்டியலைப் புரட்டும் நிலைக்கு மறுபடி போக வேண்டாம். கேம்பெலை, கூட்டமான வரிசையில் இடமில்லை என்பதற்காக விளிம்புக்கே தள்ளிவிடவும் வேண்டாம்.

இந்த அணியின் ஆகப் பெரிய நினைவுகளில் ஒன்று ஒரு லைன்பேக்கருடையது. 1960 டிசம்பர் 26, ஃபிராங்க்ளின் ஃபீல்டில் கிரீன் பேக்கு எதிரான இறுதியாட்டம். 17-13 என்று நாம் முன்னிலையில். கடைசி நொடிகளில் பந்தோடு இலக்குக் கோட்டை நோக்கி வந்த ஜிம் டெய்லரை, 35 வயதான சக் பெட்னரிக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்த்து, நேரம் முடியும்வரை எழவிடாமல் அவர்மேலேயே கிடந்தார். அந்த ஆண்டு அவர் தாக்குதலில், முன்வரிசையின் நடுவே நின்று பந்தைப் பின்னே கொடுக்கும் சென்டராக மட்டுமே ஆட வேண்டியவர். லைன்பேக்கர் ஒருவர் காயமடைந்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லாததால்தான் இரு பக்கமும் ஆடினார். இன்று அப்படி ஒருவரை நம்பி எந்த அணியும் இருக்க முடியாது. அந்த இடத்துக்கான ஆட்களை மார்ச்சிலும் ஏப்ரலிலும் நீங்கள்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

டீனுக்கான பேச்சுவார்த்தையை மார்ச்சுக்கு முன்பே தொடங்குவீர்கள் என்ற எதிர்பார்ப்போடு,

ஆற்றின் மறுகரையிலிருந்து ஓர் ஈகிள்ஸ் ரசிகன்
2025 டிசம்பர்