குழாயடியில் மீட்டரை நீட்டினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநீரில் கதிரியக்கம் பற்றி உங்கள் நாளிதழில் கட்டுரை வந்ததிலிருந்து வாசகர் கடிதங்கள் நிற்கவில்லை. அவற்றில் பலவற்றில் ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது: கையடக்கக் கதிர்வீச்சு மீட்டர் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வீடு குழாயடியில் நீட்டிப் பார்த்துவிடலாம் என்று. எழுதியவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கதிரியக்க எண்ணும் அறையில் கழித்தவள் நான். அந்த மீட்டரால் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எதுவும் சொல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒன்றும் இல்லை" என்று காட்டி நம்மை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும் என்பதுதான் என் கவலை.

கணக்கு எளிது. உலக சுகாதார நிறுவனம் முதற்கட்டச் சோதனைக்குச் சொல்லும் அளவு, ஒரு லிட்டரில் மொத்த ஆல்ஃபா 0.5 பெக்கரல், மொத்த பீட்டா 1 பெக்கரல். ஒரு பெக்கரல் என்றால் வினாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள்; சிதையும்போது கிளம்பும் துகள் வகைகள்தான் ஆல்ஃபாவும் பீட்டாவும். 200 மில்லி தம்ளரில் இந்த ஆல்ஃபா அளவைத் தொட்டு நிற்கும் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். அந்தத் தம்ளர் முழுவதிலும் நிமிடத்துக்கு ஆறு அணுக்கள் சிதையும். அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள் தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. ஆறில் ஒன்றாவது மேற்பரப்பைத் தாண்டி மீட்டருக்குள் நுழைந்தால் அது அதிசயம். தம்ளரே இல்லாமல் மேசைமேல் வைத்தாலும் மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வரும் கதிர்களால் அந்த மீட்டர் ஓயாமல் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கும். நீரோடு நீராகவே கலந்திருக்கும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் இன்னும் மோசம். அதன் பீட்டா கதிர், மீட்டருக்குள் கதிர் நுழையும் மெல்லிய சன்னலையே துளைக்காது. லிட்டருக்கு 10,000 பெக்கரல் டிரிட்டியம் உள்ள தண்ணீரின் எதிரிலும் மீட்டர் வாயைத் திறக்காது.

பிறகு எப்படித்தான் அளக்கிறார்கள்? மாதிரி எடுக்கும் இடத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. யுரேனியத்துக்கும் ரேடியத்துக்கும் எடுக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரேடியம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், நாம் அளப்பது மிச்சத்தை. டிரிட்டியத்துக்கும் அயோடினுக்கும் எடுக்கும் பாட்டிலில் அமிலம் கூடவே கூடாது. ரேடான் ஒரு வாயு. அதற்கான குப்பியைத் தண்ணீர் கொப்பளிக்காமல் நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். குழாயிலிருந்து உயரமாக ஊற்றிப் பிடித்தால் ரேடானில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். "எந்தப் பாட்டிலில் பிடித்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே" என்று கேட்ட மேலதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன்.

மொத்த ஆல்ஃபா, பீட்டா சோதனைக்கு மாதிரியைக் கொதிக்க விடாமல் மெதுவாக வற்றவைப்போம். கடைசிச் சில மில்லி நீரை உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் தட்டுக்கு மாற்றி விளக்கின் அடியில் உலர்த்துவோம். முடிவில் தட்டின்மேல் வெளிறிய ஒரு படிவு மட்டும் இருக்கும். அது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிய வேண்டும், மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்துவிட்டால் அந்த உப்பே ஆல்ஃபா துகள்களை விழுங்கிவிடும். உப்பு மிகுந்த நிலத்தடி நீரில் இதுதான் பெரிய தொல்லை: படிவு தடிக்காமல் இருக்க நீரைக் குறைத்து எடுக்க வேண்டும், நீரைக் குறைத்தால் நுணுக்கமாக அளக்க முடியாது. தட்டை எடைபோட்டு, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் எண்ணும் கருவியில் வைத்து மணிக்கணக்கில் எண்ண வேண்டும். வெறும் தட்டையும் அதேபோல் எண்ணிக் கழிக்க வேண்டும். பீட்டா எண்ணிக்கையில், பொட்டாசியத்தில் இயற்கையாகவே இருக்கும் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40 இன் பங்கையும் கழிப்பார்கள். ஒரு கிராம் பொட்டாசியத்துக்குச் சுமார் 28 பெக்கரல் என்பது இயற்கையின் நிலையான கணக்கு. (பொட்டாசியம் என்றதும் யாரும் பதற வேண்டாம். வளர்ந்த மனித உடலிலேயே அதனால் நாலாயிரம் பெக்கரலுக்கு மேல் இருக்கிறது.)

இவ்வளவு செய்தும் டிரிட்டியம் இந்தத் தட்டில் இருக்காது. நீரோடு ஆவியாகிப் போயிருக்கும். அதற்குத் தனியாகத் திரவ ஒளிர்வு எண்ணி வேண்டும். சீசியத்துக்கும் அயோடினுக்கும், அவை விடும் காமா கதிர்களைப் பிரித்துக் காட்டும் காமா நிறமாலைக் கருவி வேண்டும். "தண்ணீரைக் கதிரியக்கத்துக்குச் சோதித்துவிட்டோம்" என்று ஒருவர் சொன்னால், எதற்கு, எதைக் கொண்டு என்று கேட்காமல் தலையாட்டிவிடக் கூடாது.

நாட்களின் கணக்கும் உண்டு. ரேடியத்தின் ஒரு வகையான ரேடியம்-224 இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்து போக ஆகும் காலம், 3.6 நாள். மாதிரி வரிசையில் காத்திருந்து ஒரு மாதம் கழித்து எண்ணப்பட்டால் அது ஏறத்தாழ முழுவதும் மறைந்திருக்கும், அறிக்கை அழகாக வரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் ஆல்ஃபா எண்ணிக்கையை 48 மணி நேரத்துக்குள் முடிக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது இதனால்தான். அயோடின்-131 க்கு அரை ஆயுள் எட்டு நாள். மூன்று மாதம் கிடந்த பாட்டிலில் அதை அளந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது.

அணு உலை என்ற சொல்லைக் கேட்டால்தான் பலருக்குக் கதிரியக்கம் நினைவுக்கு வருகிறது. உலகில் குடிநீரில் அதிகம் தென்படும் கதிரியக்கம் பாறையிலிருந்து வருவது. பின்லாந்தின் கருங்கல் பாறையில் துளையிட்ட கிணறுகளில் யுரேனியமும் ரேடானும் மிகுதி. ஜோர்டானின் டிசி நிலத்தடி நீரில் ரேடியம் இருப்பது 2009 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அமெரிக்காவின் வாகெஷா நகரம் ஆழ்கிணற்று நீரில் இருந்த ரேடியத்தோடு பல ஆண்டுகள் மல்லாடி, 2023 இல் மிச்சிகன் ஏரி நீருக்கு மாறியது. இந்த இடங்களில் யாரும் எதையும் கொட்டவில்லை. பாறையில் இருந்தது நீரில் கரைந்து வந்தது, அவ்வளவுதான். ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் போய்த் தங்கும். ஒரு காலத்தில் ரேடியம் கலந்த தண்ணீரைச் சத்து மருந்து என்று பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அதை விடாமல் குடித்த ஈபன் பையர்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் தாடை எலும்பு சிதைந்து 1932 இல் இறந்தார். யுரேனியத்தின் கதை வேறு. அதற்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவை வைத்தது கதிர்வீச்சுக்காக அல்ல, சிறுநீரகத்துக்காக.

பாறையிலிருந்து வரும் நீரும் ஆற்றிலிருந்து எடுக்கும் நீரும் ஒரே அட்டவணைக்குள் அடங்காது. அமெரிக்க விதியில் இயற்கைக் கதிரியக்கத்தைப் பொறுத்தவரை, முதல் சோதனைகளில் ஒன்றும் அகப்படாவிட்டால் அடுத்தது ஒன்பது ஆண்டுக்குப் பிறகு. வரம்பில் பாதிக்குள் இருந்தால் ஆறு ஆண்டு. பாதியைத் தாண்டினால் மூன்று ஆண்டு. வரம்பையே மீறினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாறை ஒரே நாளில் குணம் மாறாது என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வறட்சியில் கிணற்றை இன்னும் ஆழமாக்கினாலோ, புதுக் கிணற்று நீரைக் கலந்தாலோ பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டு காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. அணு உலையோ, கதிரியக்க மருத்துவம் செய்யும் பெரிய மருத்துவமனைகளோ நீரோட்டத்தில் மேலே இருக்கும் ஆற்றிலிருந்து நீர் எடுத்தால் ஆண்டுக்கணக்கே பொருந்தாது. அங்கே நீர் எடுக்கும் இடத்திலேயே, இடைவிடாமல், டிரிட்டியமும் காமாவும் பார்க்க வேண்டும்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு டோக்கியோவில் நடந்ததைப் பலரும் பீதிக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதை வேறு விதமாகப் படித்தோம். மார்ச் 22 அன்று கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்து நீரில் கிலோவுக்கு (ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு) 210 பெக்கரல் அயோடின்-131 இருந்தது. மழை காற்றிலிருந்ததை ஆற்றில் இறக்கியிருந்தது. பெரியவர்களுக்கு அப்போதைய வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. மறுநாளே எண்ணைச் சொன்னார்கள், குழந்தைகளுக்குக் குழாய் நீர் வேண்டாம் என்றார்கள், அந்தக் குடும்பங்களுக்குப் பாட்டில் நீர் கொடுத்தார்கள். 24 ஆம் தேதி அளவு 79 க்கு இறங்கியதும் தடையை விலக்கினார்கள். மக்கள் பயப்படாமல் இல்லை; கடைகளில் பாட்டில் நீர் தீர்ந்தது. ஆனால் எது எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்ற மூன்று கேள்விக்கும் விடை கையில் இருந்தது. அளக்கும் கருவியும் ஆளும் முன்பே இருந்ததால் முடிந்த காரியம் அது. விபத்து நடந்த பிறகு கருவிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால் அயோடின் காத்திருக்காது.

இத்தனையும் சொல்வது ஒரே ஒரு கோரிக்கைக்காக. நான் பணியாற்றிய காலத்தில் எங்கள் அறையிலிருந்து போகும் தாளில் எண் இருக்கும், அதன் பிழை அளவு இருக்கும், கருவியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு இருக்கும், மாதிரி எடுத்த நாளும் எண்ணிய நாளும் இருக்கும். அந்தத் தாள் மேசை மேசையாக ஏறிப் பொதுமக்கள் முன் வரும்போது "வரம்புக்குள் உள்ளது" என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கியிருக்கும். கேட்டால், எண்ணைச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்பார்கள். எண்ணை மறைக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் அதைவிட அதிகம் பயப்படுவார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. "கண்டறியப்படவில்லை" என்பதும் இப்படித்தான். கருவியின் கண்டறியும் எல்லையே வரம்புக்கு அருகில் இருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏது?

முதற்கட்டச் சோதனை அளவைத் தாண்டிய ஓர் எண்ணைப் பார்த்தவுடன் நீரை நிறுத்த வேண்டும் என்றும் பொருள் இல்லை. ஆல்ஃபா 0.5 ஐயோ பீட்டா 1 ஐயோ தாண்டினால் எந்த அணு காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே விதி. பிறகு ஓர் ஆளுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் ஆண்டு முழுக்கக் குடித்தால் உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட் வருகிறதா என்று கணக்கிட வேண்டும். இயற்கையில் உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 2.4 மில்லிசீவர்ட். இந்த விவரங்களோடு எண்ணைக் கொடுத்தால் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்.

ஆகவே மீட்டர் வாங்க நினைக்கும் வாசகர்கள் அந்த முயற்சியை ஒரு கடிதத்தில் காட்டட்டும். உங்களுக்கு நீர் தரும் அமைப்புக்கு எழுதுங்கள். கடைசியாக எந்த நாளில், எந்த இடத்தில் மாதிரி எடுத்தீர்கள், எத்தனை நாளில் எண்ணினீர்கள், ஆல்ஃபா எவ்வளவு, பீட்டா எவ்வளவு, கண்டறியும் எல்லை என்ன, டிரிட்டியம் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு எழுத ஆள் இல்லை. அவர்கள் யுரேனியம், ரேடியம், ரேடான் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். நீரைக் கொதிக்க வைப்பதை நம்ப வேண்டாம்; ரேடான் போகும், யுரேனியமும் ரேடியமும் வற்றிய நீரில் இன்னும் அடர்த்தியாகும். மென்னீராக்கும் கருவியும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியும் ரேடியத்தை நன்றாகவே நீக்கும். ஆனால் நீக்கியது எங்கேயும் மறைந்துவிடாது, மென்னீராக்கும் கருவியின் பிசினிலோ கழிவு நீரிலோ இருக்கும்; அதை எங்கே கொட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தட்பவெப்பத்தை நாள்தோறும் அச்சிடுகிறீர்கள். குடிநீர் அமைப்புகள் தரும் கதிரியக்க எண்களைக் காலாண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சிறு கட்டத்தில், மாதிரி எடுத்த தேதியோடு வெளியிடுங்கள். எண் தர மறுக்கும் அமைப்பின் பெயருக்கு எதிரே "தரவில்லை" என்று போட்டுவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பகுப்பாய்வாளர் ஒருவர்