ராயல்னு பேரு, ஃபீஸ் நம்மளுது

நைனா,

போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேட்டியே, "பாப்பா ஏதோ ராயல் பரீட்சை எழுதறாளாமே, அப்ப ராஜா காசு குடுக்கறாரா"ன்னு, நான் சிரிச்சிட்டு அப்புறம் சொல்றேன்னு வெச்சிட்டேன். நைட் டியூட்டிக்கு பஸ் பிடிக்கற அவசரம். ஆனா அந்த கேள்வி ஒரு வாரமா மண்டையில சுத்திக்கிட்டே இருக்கு. போன்ல சொன்னா பாதியிலயே "சரி சரி, அம்மாகிட்ட பேசு"ன்னு குடுத்துடுவ, அதான் உக்காந்து எழுதறேன். தம்பிய பெரிய எழுத்துல ப்ரிண்ட் எடுத்துத் தரச் சொல்லு.

மொதல்ல பதில சொல்லிடறேன். இல்ல நைனா, ராஜா ஒரு பைசா குடுக்கல. எல்லாம் நாங்கதான். வயலின் பரீட்சைக்கு அம்பது பவுண்டுக்கு மேல, வாத்தியாரம்மாவுக்கு வாரம் அரை மணி நேரத்துக்கு தனி, வயலின் வாடகை தனி, பரீட்சை அன்னிக்கு கூட பியானோ வாசிக்க வந்தவருக்கு தனி. மொத்தத்த நம்மூரு காசுல சொன்னா அம்மாவுக்கு பிபி ஏறும், சொல்லாத.

பரீட்சை ஒரு சர்ச் ஹால்ல. ஹீட்டர் ஓடல, எல்லா புள்ளைங்களும் கைய தொடைக்கு அடியில வெச்சு சூடு பண்ணிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. இவ முறைக்கு பத்து நிமிஷம் இருக்கும்போது ட்யூன் பண்றேன்னு ஆணிய முறுக்கினா பாரு, டப்புனு ஈ கம்பி அறுந்து கன்னத்துல ஒரு கோடு போட்டுடுச்சு. ஒரே அழுகை. என் பையில பேண்டேஜ் இருக்கு, பல்ஸ் பாக்கற மெஷின் இருக்கு, பாராசிட்டமால் இருக்கு, வயலின் கம்பி மட்டும் இல்ல. பக்கத்துல ஒரு போலந்துக்கார அம்மா, ஒரு வார்த்தை பேசாம தன் பையன் பெட்டியிலேர்ந்து கம்பி எடுத்து, கம்பிய தாங்கற கட்டை, குதிரைன்னு சொல்லுவாங்க, அது சாஞ்சிடாம கட்டைவிரலால அழுத்திப் புடிச்சிக்கிட்டு மாட்டி விட்டாங்க. அது பெரிய வயலின் கம்பி, இவளுது அரை சைஸு, மீந்ததெல்லாம் ஆணியில சுத்தி கொண்ட மாதிரி நிக்குது. புதுக் கம்பி நிக்காது நைனா, சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும், ரெண்டாவது பாட்டுக்கே கீழ போயிடுச்சுன்னு வெளியில கதவுகிட்ட நின்ன எனக்கே கேட்டுச்சு.

மார்க்கு எப்படின்னா, மூணு பாட்டுக்கு தலா 30, ஸ்கேலுக்கு, நம்ம சரளி வரிசை மாதிரி, 21, முன்ன பின்ன பாக்காத நோட்ட குடுத்த உடனே வாசிக்கறதுக்கு 21, காதால கேட்டு பதில் சொல்றதுக்கு 18, மொத்தம் 150. 100 வந்தா பாஸு, 120 வந்தா மெரிட்டு, 130க்கு டிஸ்டிங்ஷன். இவ 118. அந்த ரெண்டு மார்க்கு கம்பிக்கு போச்சுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு திரியறா, நானும் ஆமாம்மான்னு விட்டுட்டேன்.

இந்தப் பரீட்சைய நடத்தற போர்டு, ஏபிஆர்எஸ்எம்னு பேரு, 1889ல, லண்டன்ல இருந்த ரெண்டு ராயல் காலேஜுங்க சேர்ந்து ஆரம்பிச்சது. அப்புறமா மான்செஸ்டரும் கிளாஸ்கோவும் சேந்துக்கிச்சு. இதே பரீட்சை பெங்களூர்லயும் நடக்குது, ட்ரெயின்ல போயி எழுதிட்டு சாயங்காலம் நம்மூரு மாரிக்குப்பம் வண்டிக்கு திரும்பிடலாம். இத மொதல்லயே தெரிஞ்சிருந்தா என்னத்த பண்ணியிருப்போம், ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டோம்.

இங்க எல்லாத்துக்கும் ராயல்னு பேரு. தபால் பெட்டி ராயல், ஆஸ்பத்திரிங்க பாதி ராயல். பாட்டு காலேஜுக்கும் அப்படித்தான். நான் என்னமோ நம்மூரு கதை மாதிரி, ராஜா தங்கத் தட்டுல வெச்சு குடுத்து ஆரம்பிச்சிருப்பாருன்னு நினைச்சேன். அப்படியெல்லாம் இல்ல. ராயல் அகாடமின்னு பழைய காலேஜ் ஒண்ணு, 1822ல ஒரு பிரபு ஆரம்பிச்சாரு, 1830ல ராஜா நாலாம் ஜார்ஜ் சாசனம் குடுத்தாரு. சாசனம்னா பேப்பரு நைனா, முத்திரை போட்ட பேப்பரு. அந்தப் பேப்பர வெச்சிக்கிட்டே 1860கள்ல அந்த காலேஜ் மூடற நிலைமைக்கு வந்துடுச்சு. அரசாங்கம் வருஷத்துக்கு 500 பவுண்டு குடுத்துக்கிட்டு இருந்தத நிறுத்திட்டாங்க, மூடிடலாம்னே பேச்சு வந்துச்சு, பிரின்சிபாலும் வாத்தியாருங்களும்தான் விடமாட்டோம்னு மல்லுகட்டி நிறுத்தினாங்க.

இன்னொண்ணு ராயல் காலேஜ், 1883ல தெறந்தது. அத மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். பின்னாடி ஏழாம் எட்வர்டா ஆன இளவரசரே முன்னால நின்னு ஊரூரா வசூலுக்கு ஆள் சேத்து ஆரம்பிச்சது. தெறந்த அன்னிக்கு 92 பேரு, அதுல 50 பேரு போட்டியில ஜெயிச்சு இலவசமா வந்தவங்க, 42 பேருதான் ஃபீஸ் கட்டினவங்க. பாதிக்கு மேல சும்மா படிச்சாங்க பாரு. ஆனா இப்ப இருக்கற பெரிய செங்கல் கட்டடத்துக்கு காசு குடுத்தவரு யாரு தெரியுமா, லீட்ஸ்ல பாய்லருக்கு குழாய் செஞ்ச சாம்சன் ஃபாக்ஸ்னு ஒரு தொழிலதிபரு, 45,000 பவுண்டு. இளவரசர் கேட்டாரு, பாய்லர்காரர் குடுத்தாரு. அதாவது ராஜாவோட வேலை குடுக்கறதில்ல, கேக்கறது. ராஜா கேட்டா யாரு இல்லன்னு சொல்லுவா. எனக்கு இது தப்புன்னும் தோணல, ரொம்ப பெரிய தர்மம்னும் தோணல.

அந்த காலேஜுக்கு நேர் எதிர்லதான் ஆல்பர்ட் ஹால். விக்டோரியா ராணியோட புருஷன் ஆல்பர்ட் ஆசப்பட்டது, அவரு 1861லயே செத்துட்டாரு, கட்டி தெறந்தது 1871ல. அதுக்கு காசு எப்படி வந்துச்சுன்னா, சீட்டையே வித்திருக்காங்க! ஒரு சீட்டு 100 பவுண்டு, 999 வருஷத்துக்கு பாத்தியதை. கிட்டத்தட்ட 1,300 சீட்டு அப்படி போச்சு, இன்னிக்கும் அந்த குடும்பங்க, இல்ல அவங்ககிட்ட வாங்கினவங்க வெச்சிருக்காங்க. ராணியம்மாவே 20 சீட்டு காசு குடுத்து வாங்கினாங்க. நம்ம கோயில் கட்டடத்துக்கு ஆளுக்கு நூறு செங்கல்லுன்னு வசூல் பண்ணாங்களே, அதேதான், இங்க செங்கல்லுக்கு பதிலா நாற்காலி.

உள்ள போயிருக்கேன் நைனா. கோடையில ரெண்டு மாசம் தினம் கச்சேரி நடக்கும், மேடைக்கு நேர் கீழ நின்னு கேக்கறதுக்கு எட்டு பவுண்டுதான். நானும் என்கூட வேலை செய்யற பிலிப்பினோ பொண்ணும் லாங் டே ஷிப்ட் முடிச்சு, யூனிஃபார்ம பையில திணிச்சிக்கிட்டு போனோம். மேல பாத்தா கூரையில பெரிய பெரிய காளான கவுத்து வெச்ச மாதிரி தொங்குது. முன்ன இந்த ஹால்ல எதிரொலி அவ்வளவு மோசமாம், இங்கிலீஷ் காம்போசர் ஒருத்தன் தன் பாட்ட ரெண்டு தடவை கேக்கணும்னா இங்கதான் வரணும்னு கிண்டல் பண்ணுவாங்களாம், அதுக்காக 1969ல மாட்டினது.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்கு ஒரு ஜெர்மன் காம்போசரோட நாலு பாட்டு, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், வயசான காலத்துல எழுதி மேடையில கேக்காமயே செத்துட்டாரு. கச்சேரி புஸ்தகத்த அவ வாங்கினா, நான் ஓசியில எட்டிப் பாத்து படிச்சிக்கிட்டு இருக்கேன், நடுவுல "மைசூர் மகாராஜா"ன்னு இருக்கு. ஐயோன்னு சத்தமாவே கத்திட்டேன், முன்னாடி நின்ன தாத்தா திரும்பி முறைச்சாரு.

நம்ம ஜெயசாமராஜ உடையார்தான் நைனா! நீ சின்னதா இருக்கும்போது தசராவுல தாத்தா தோள்ல உக்காந்து, யானை மேல அம்பாரியில பாத்தேன்னு சொல்லுவியே, அதே ஆளு. அந்த நாலு பாட்டும் உலகத்துலயே மொத தடவை மேடை ஏறினது இதே ஹால்ல, 1950 மே 22. கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்னு நார்வே பாடகி பாடினாங்க, ஃபுர்ட்வேங்லர்ங்கறவரு ஆர்கெஸ்ட்ராவ நடத்தினாரு, ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா வாசிச்சுது. அந்த கச்சேரிய ரெக்கார்ட் பண்ணி தனக்கு அனுப்பணும்னு 4,800 டாலருக்கு ஜாமீன் நின்னது நம்ம மகாராஜா. அவரு நேர்ல வரல. ரெக்கார்டு கப்பல் ஏறி மைசூருக்கு போச்சு, அங்க அவருகிட்ட ஏற்கனவே 20,000 ரெக்கார்டு இருந்துச்சாம்.

எங்க வார்டுல ஒரு மைசூர்க்கார டாக்டர் இருக்காரு, அவருகிட்ட சொன்னதும் மனுஷன் டீ ஆறிப் போறது தெரியாம பேசினாரு. உடையாருக்கு பியானோ வாசிக்கறவரா ஆகணும்னுதான் ஆசையாம், 1945ல லண்டன் கில்ட்ஹால் ஸ்கூல்ல லைசென்ஷியேட்ங்கற சான்றிதழ் வாங்கினாரு, அதாவது நம்ம பாப்பா ஏற ஆரம்பிச்சிருக்கற மாதிரி ஒரு ஏணியில அவரு உச்சிக்கே போயிட்டாரு. ஆனா அதுக்கு முன்னாடியே, 1940ல, ராஜாவா பட்டம் கட்டிட்டாங்க, அப்புறம் எங்க பியானோ. ஃபில்ஹார்மோனியா 1945ல ஆரம்பிச்ச புதுசு, அதுக்கு வருஷம் 10,000 பவுண்டுன்னு மூணு வருஷத்துக்கு குடுத்திருக்காரு, அவங்க கச்சேரி சொசைட்டிக்கு மொத தலைவரே அவருதான், 1948ல. மெட்னர்னு ஒரு ரஷ்யக்கார காம்போசர், கோல்டர்ஸ் கிரீன் பக்கம் வயசாகி உடம்பு முடியாம பணக் கஷ்டத்துல கெடந்தாரு, அவர் பாட்டையெல்லாம் அவரே வாசிச்சு ரெக்கார்ட் பண்றதுக்கு மகாராஜா காசு குடுத்தாரு. மெட்னர் தன் மூணாவது பியானோ கான்செர்ட்டோவ, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கற பெரிய பாட்ட, அவருக்கே காணிக்கை பண்ணிட்டாரு. கோல்டர்ஸ் கிரீன் இங்கேர்ந்து ட்யூப்ல ஒரு மணி நேரம் கூட இல்ல.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு, அந்த அரண்மனையில இது பழைய பழக்கமாம், உடையாரோட தாத்தா காலத்துலயே வாசுதேவாச்சார்ங்கற பையன உதவிப்பணம் குடுத்து திருவையாத்துக்கு, பட்டணம் சுப்பிரமணிய ஐயர்கிட்ட பாட்டு படிக்க அனுப்பினாங்க. அந்தப் பையன் பின்னாடி பெரிய வித்வானா ஆயி, உடையாருக்கே பாட்டு சொல்லிக் குடுத்தாரு. உடையார் 94 கீர்த்தனை எழுதியிருக்காரு.

இதெல்லாம் கேட்டு எனக்கு பெருமை தாங்கல, வீட்டுக்கு வந்து இவருகிட்ட "பாத்தீங்களா, வெள்ளக்காரன் பாட்டுக்கே நம்ம ராஜா காசு குடுத்தாரு"ன்னு அலட்டிக்கிட்டேன். இவரு சோத்துல கைய வெச்சபடியே கேட்டாரு, "அந்த காசு எங்கேர்ந்து வந்துச்சு?"

அதுக்கப்புறம் தூக்கம் வரல. நம்ம தங்க வயல்ல வெள்ளக்காரன் கம்பெனி எடுத்த தங்கத்துக்கு மைசூர் சர்க்காருக்கு ராயல்டி கட்டினான் இல்ல? அந்த வார்த்தைக்குள்ளயும் ராயல்தான் இருக்கு. தப்பா எடுத்துக்காத, கணக்கு எனக்கும் தெரியும். கஜானாவுக்குள்ள போன ரூபாயில எது சுரங்க ரூபா, எது சந்தன சோப்பு ரூபா, எது ரைத்து கட்டின வரின்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. 1950ல அவருக்கு ராஜ்யமே போயி ராஜபிரமுகர்னு, கவர்னர் மாதிரி ஒரு பட்டம்தான் மிச்சம். ஆனாலும் அந்த மே 22, திங்கக்கிழமை, தாத்தா எங்க இருந்திருப்பாருன்னு யோசிச்சேன். இங்க ராத்திரி கச்சேரி நடக்கும்போது நம்மூருல நடுராத்திரி தாண்டியிருக்கும். நைட் ஷிப்டா இருந்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல பூமிக்கு அடியில, இடுப்புத் துணியோட, பாறை சூட்டுல. இல்லன்னா லைன் வீட்டுல இருமிக்கிட்டு.

தாத்தா க்ளாரினெட் வாசிப்பாரு இல்ல, கோயில் பேண்டுல? யாரு சொல்லிக் குடுத்தாங்க அவருக்கு? அத நான் கேட்டதே இல்ல. இருமல் அதிகமானதும் ஊதறத நிறுத்திட்டாருன்னு அம்மா ஒரு தடவை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. 800 டன் தங்கம் வந்துச்சுன்னு சொல்லுவாங்க அந்த மண்ணுலேர்ந்து, நம்ம லைன்ல ஒரு பாட்டு வாத்தியார் இருந்தாரா நைனா? நான் மகாராஜாவ திட்டல, நீ கோச்சிக்காத, நீ அவரு ஃபோட்டோவ பெட்டிக்குள்ள வெச்சிருக்கறது எனக்கு தெரியும். காசு இருந்தவங்க எத்தனையோ பேரு குதிரை வாங்கினாங்க, காரு வாங்கினாங்க, இவரு ஒரு வயசான ரஷ்யக்காரனுக்கு ரெக்கார்டு போட்டுக் குடுத்தாரு, அது பெரிய மனசுதான். ரெண்டையும் ஒண்ணா நினைக்க முடியுது, அவ்வளவுதான்.

சரி, அடுத்த விஷயம். டிசம்பர் 19 டிக்கெட் போட்டாச்சு, பெங்களூர்ல எறங்கி ட்ரெயின்லயே வந்துடறோம், காரு ஏற்பாடு பண்ணி காச வீணாக்காத. அம்மாவுக்கு முட்டிவலி தைலம் வாங்கிட்டேன். பரண்ல சைக்கிள் டயருக்கு பின்னாடி தாத்தா க்ளாரினெட் பெட்டி இருக்கான்னு பாரு, எலி கடிச்சிருந்தாலும் தூக்கிப் போட்டுடாத. இங்க ரிப்பேர் பண்றவரு ஒருத்தர்கிட்ட விசாரிச்சிருக்கேன், மொதல்ல ஃபோட்டோ கேக்கறாரு. தம்பிய விட்டு நாலு பக்கமும் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லு, வாய் வைக்கற துண்டு தனியா ஒரு துணியில சுத்தி இருக்கும், அதையும் சேத்து.

உன் பொண்ணு