வயது அல்ல, காரே தடை

ஆசிரியருக்கு,

வயதைக் காட்டி ஃபார்முலா 1 கார்ப் பந்தய ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனின் எட்டாவது உலகப் பட்ட வாய்ப்பை ஒதுக்குவது சரியல்ல. வளைவின் வாசல்வரை வந்து பிரேக்கை ஓங்கி மிதிப்பது அவர் பாணி. 2022 முதல் 2025 வரை ஓடிய, தரையோடு ஒட்டிய கார்கள் அதற்கு இடம் தரவில்லை. காரின் உயரத்தைச் சற்றே குறைத்தாலும் அதன் அடியில் பொருத்திய பலகை தரையில் உரசித் தேயும். 2025 சீனப் பந்தயத்தில் அந்தப் பலகை விதி கேட்கும் 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துதான் தகுதி இழந்தார்.

2026 விதிகளில் காரின் எடை சுமார் 30 கிலோ குறைவு. மின்மோட்டாரின் திறனோ 120 கிலோவாட்டிலிருந்து 350க்குத் தாவிவிட்டது. பிரேக் பிடிக்கும்போதே பேட்டரியை நிரப்ப வேண்டும். தவறினால் நேர்பாதை முடியுமுன்பே வேகம் விழும். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடும். 2007க்குப் பிறகு ஓட்டுநர் பட்டமே காணாத அவரது அணி ஃபெராரி ஈடுகொடுக்குமா என்பதுதான் என் கவலை.